திசைவியின் துயிலெழு பொழுது: பைராம் தோட்டத்தை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

வீட்டிற்கு வரும் இணையத்தைப் பல கருவிகளுக்கும் பங்கிட்டளிக்கும் பெட்டி, நூல்வழக்கில் திசைவி என்றும், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டம் உள்ளிட்ட உலகவழக்கில் மோடம் என்றும் வழங்கும். நாட்கணக்கில் ஓயாது உழைக்கும் இதன் நினைவகத்தில் முடிந்துபோன இணைப்புகளின் குறிப்புகள் தேங்கி வேகம் குன்றுவதுண்டாகலின், குறித்த நேரத்தில் தானே அணைந்து எழுமாறு பணித்தல் தானியங்கு மறுதொடக்கம் எனப்படும்.

இதற்குரிய பொழுது ஐந்திணை மரபால் ஆராயத்தக்கது. மாலை முல்லைக்குரியது, தொலைக்காட்சித் தொடருக்காகக் காத்திருத்தலே அப்பொழுதின் ஒழுக்கமாதலின், பெட்டியைத் தொடுதல் குடும்ப அமைதிக்கு ஆகாது. யாமம் குறிஞ்சி, இளையோர் கைப்பேசியோடு களவொழுக்கத்தில் இருப்பர். நண்பகல் பாலை, 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இயங்கலை வகுப்பின் நடுவே பிரிவுற்ற மாணவர் இதனை நன்கறிவர். எற்பாடு நெய்தல், இரங்குக. எஞ்சிய வைகறை ஊடலுக்குரிய மருதப்பொழுது ஆதலானும், தோட்டத்தார் பெரட்டுக்கு, அஃதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுமுன் வருவது ஆதலானும் 4:30 மணியே தக்கதெனத் துணியப்பட்டது.

துணிந்த பின்னரே சிக்கல் தொடங்குகிறது. வீட்டுத் திசைவிகள் பெரும்பாலானவற்றில் மின்கலம் பூட்டிய கடிகாரம் இல்லாமையால், அணைந்து எழுந்த பெட்டி, இணையத்தின்வழிப் பிற கணினிகளைக் கேட்டு மணி அறியும்வரை, யூனிக்ஸ் மரபின் தொடக்க நொடியாகிய 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் தான் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளக்கூடும். அந்நொடியில் பைராம் தோட்டத்தில் மணி என்ன? இன்றைய நேரத்தை அப்படியே பின்னோக்கிப் பொருத்துவோர் காலை எட்டென்பர். வரலாற்று நெறியினரோ, தீபகற்ப மலேசியாவின் நேரம் அன்று கிரீன்விச்சைவிட ஏழரை மணிநேரமே முந்தியிருந்ததென்றும், 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குக் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியே எட்டாக்கினர் என்றும் காட்டி, ஏழரையே என்பர்; ஏழரை என்றதும் சோதிட நூலாரும் ஆய்வினுள் புகுந்துவிட்டனர். மறைந்த அரைமணியைக் கடல்கொண்டது என்பாரும் உளர். சான்று யாதெனின், அதனையும் கடல்கொண்டது என்பர். சங்க காலத்தைச் சில நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் நகர்த்திப் பழகிய புலமையுலகம் அரைமணியில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவது பாராட்டத்தக்கதே.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற திசைவி மென்பொருள், அமைப்புக் கோப்புகளுள் கடைசியாகத் திருத்தப்பட்டதன் நேரத்தையே நிகழ்நேரமாகக் கொண்டு இப்பூசலைத் தவிர்க்கிறது. ஆயின் 4:30க்கு அணைந்த பெட்டி 4:30க்கே எழுந்து, கட்டளைப்பொழுது வந்ததென மீண்டும் அணைந்து, முடிவின்றிப் பிறந்திறந்து உழலக்கூடும். ஆகவே, எழுபது நொடி காத்திருந்து, கோப்பொன்றின் தேதியைப் புதுப்பித்து, அதன்பின் அணைக என்று அதன் கையேடு விதிக்கிறது. 4:31க்கு எழுவதால் பிறவிச்சுழல் அறுபடும். வீடுபேற்றுக்கு நொடிக்கணக்குக் கூறிய நூல் இஃதொன்றே.

நிமிடத்தைக் கடக்க அறுபது நொடி போதுமாகலின், மிகையாய் நின்ற பத்து நொடி எதற்கென்னும் வினா முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பெனக் கருதி இங்கு விரிக்கப்பெறவில்லை.