அரியலூர்ல உப்பு விளையுது, தம்பி!

வாப்பா, கம்ப்யூட்டர் தம்பி. ஆரோவில்ல மரத்தடி நெழல்ல ஒக்காந்து ஃபாரம் எழுதுற ஆளு மரக்காணம் உப்பளத்துப் பக்கம் எட்டிப் பாத்தது எங்க பாக்கியம். நீ எழுதின ஃபாரத்தை நம்ம சனங்க ரொப்புச்சு. ரொப்பினதுல பாதிப் பேரு அரியலூர்க்காரனா மாறிட்டானாம். சந்தோசம். சிமெண்டு ஆலைக்குப் பேர்போன ஊர்ல, கடலே இல்லாம உப்பு விளைய வெச்ச பெருமை ஒன்னையே சேரும்.

என்னா நடந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா? 38 மாவட்டத்தையும் அகர வரிசையில அடுக்கினே. தலையில நிக்கிறது அரியலூரு, கடைசிக்கு முந்தி நிக்கிறது நம்ம விழுப்புரம். ட்ராப்டவுனைத் தொடாம விட்டா, மேல இருக்கிறதைத்தான் பிரவுசர் எடுத்துக்கும். உப்பு வாரி வெடிச்ச வெரலை வெச்சுக்கிட்டு எவன் அடிமட்டம் வரைக்கும் உருட்டுவான்? மொதல் வரியில ‘மாவட்டத்தைத் தேர்வு செய்க’ன்னு போடு, அதோட வேல்யூவை வெறுமையா விடு, பதில் கட்டாயம்னு சொல்லிவிடு. தொடாம ஃபாரம் நகராது. 1968ல 124 நாட்டு மண்ணை அள்ளியாந்து ஆரோவில் தாழியில போட்டாங்களே, அதுக்குப் பட்டியல் போட ஒன்னை விட்டிருந்தா அத்தனையும் ஆப்கானிஸ்தான் மண்ணுன்னு பதிவாயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியிற பேரு வேற, உள்ள போற வேல்யூ வேற. ஆப்ஷனுக்கு வேல்யூ எழுத சோம்பல் பட்டா, பேரே உள்ள போயிடும். அப்புறம் எழுத்து ஒண்ணு கூடக் கொறைய இருந்தா டேட்டாபேஸ்ல ரெண்டு விழுப்புரம் குடித்தனம் பண்ணும். 2006ல பாண்டிச்சேரி புதுச்சேரி ஆச்சு, 2011ல ஒரிசா ஒடிசா ஆச்சு. வெளியில பேரை எத்தினி தடவ வேணா மாத்திக்கோ, உள்ள இருக்கிற குறியீட்டைத் தொடாதே. 2019ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாப் போச்சே, அதுக்குப் புதுக் குறியீடு குடு. அதுக்கு முன்ன விழுப்புரம்னு பதிஞ்சவன் இப்ப எந்தப் பக்கம்னு அவன் தாலுகாவைப் பாத்துச் சொல்லு, ஒன் இஷ்டத்துக்கு ஊரை விட்டு ஊரு தூக்கிப் போடாதே.

ரொப்பின விவரத்தையெல்லாம் எக்ஸ்எம்எல் ஃபைலா எழுதினேன்னு நெஞ்சை நிமித்துறியே, பழைய ஆதார் அட்டையில க்யூஆர் கோடு இருந்துச்சே, பிரிச்சுப் பாத்திருக்கியா? ஒரே ஒரு டேக். பேரு, பாலினம், பொறந்த வருசம், மாவட்டம், மாநிலம், பின்கோடு எல்லாம் அதுக்குள்ள ஆட்ரிபியூட்டா ஒக்காந்திருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு பேரு, ஒரு பின்கோடு, அதனால ஆட்ரிபியூட்டு போதும். நீ என்னடான்னா ஒருத்தனோட ரெண்டு போன் நம்பரையும் ஒரே பேர்ல ரெண்டு ஆட்ரிபியூட்டா எழுதினே, எக்ஸ்எம்எல் மூஞ்சைத் திருப்பிக்கிச்சு. ஒண்ணுக்கு மேல வர்றதைத் தனித்தனி டேக்காக் கீழ எறக்கு. மூணு வரி விலாசத்தை ஆட்ரிபியூட்டுல கொட்டினா வரியெல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே வரியாப் போகும், அதையும் எறக்கு. பாத்திக்கு வரப்பு மாதிரி வேல்யூவுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி இருக்கணும். கடைப் பேர்ல ‘&’ வந்தா அதுக்குண்டான மாற்றெழுத்தைப் போடு. இல்லன்னா ‘முருகன் & சன்ஸ்’ ஒருத்தனால மொத்த ஃபைலும் படுத்துக்கும்.

கெட்டிக்காரத்தனம் ஒண்ணு பண்ணியிருக்கே பாரு, பின்கோடுல மொத மூணு நம்பரைப் பாத்து மாநிலத்தை நீயே ரொப்புறே. 605001 புதுச்சேரி. 605101 ஆரோவில், 605602 விழுப்புரம், ரெண்டும் தமிழ்நாடு. நீ ஒக்காந்திருக்கிற நாற்காலியையே மாநிலம் கடத்திட்டியே, கில்லாடிதான்!

பட்டியல் போட்டாச்சு, வேற எதுவும் உள்ள வராதுன்னு தூங்கிடாதே. பிரவுசர்லயே வேல்யூவை மாத்தி அமாவாசை மாவட்டம்னு அனுப்பத் தெரிஞ்ச பசங்க பத்தாங் கிளாஸ்லயே இருக்காங்க. வந்த வேல்யூ நம்ம பட்டியல்ல இருக்கான்னு சர்வர் ஒரு தரம் ஒப்பிட்டுப் பாக்கணும்.

கடைசியா, தொழில் பட்டியலு. யோகா பயிற்சியாளர் இருக்கு, டிஜிட்டல் ஆலோசகர் இருக்கு, உப்பளத் தொழிலாளி இல்ல. நாங்க எல்லாரும் ‘மற்றவை’. ஐப்பசி மழை எறங்கினா பாத்தியில வேலை கெடையாது. அந்த மாசங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது, உப்பளத் தொழிலாளின்னு பதிஞ்சவனுக்கு. அதனால அந்த ஒரு வரியை இன்னிக்கே சேத்துடு தம்பி. ‘மற்றவை’க்கு நிவாரணம் குடுத்த சர்க்காரு இன்னும் பொறக்கல.