பல்லைப் பாக்கத் தெரியுமா கண்ணு?

உன்ர அம்மா சொன்னா கண்ணு. எம்பிஏ முடிச்ச கையோட கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜிதான் வேணும், வேற எதையும் தொடமாட்டேன்னு நிக்கறயாமா. நெம்ப சந்தோசம். எந்தக் கம்பெனியை வாங்கலாம், எதை வித்துத் தொலைக்கலாம், அஞ்சு வருசம் கழிச்சு எந்தத் தொழில்ல நிக்கலாம்னு முதலாளி பக்கத்துல உக்காந்து ரோசனை சொல்ற வேலை. அதும் இந்த வயசுல. அந்த முதலாளி தொழிலுக்கு வந்தபோது நீ பொறக்கக்கூட இல்லை. அதுக்கென்ன, நீ பிபிடி போட்டுக் காட்டு, அவரு கத்துக்கட்டும்.

நானும் அதே பொளப்புத்தான் பொளச்சேன். மாட்டுத் தரகு. கண்ணபுரம் சந்தையில ஒருத்தன் மாட்டை இன்னொருத்தன் காசுல வாங்கிக் குடுத்துப்போட்டு நடுவுல நிக்கறது. உங்க காலேஜுல இதுக்கு கார்ப்பரேட் டெவலப்மென்ட்னு பேரு வெச்சு லட்சக்கணக்குல ஃபீஸு வாங்கியிருக்கறாங்க. இந்தப் பேரு எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா தரகைக் கொஞ்சம் எச்சாக் கேட்டிருப்பேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. அந்த ஸ்ட்ராட்டஜி ரூமுல ஆளே கிடையாது. ஆலையில ஆயிரம் ஆயிரமா ஆளு இருக்கற கம்பெனியில்கூட இந்த வேலைக்குக் கைவிரல்ல எண்ணிப்போடற கூட்டந்தான். அதுலயும் பாதிப் பேரு இன்வெஸ்ட்மென்ட் பேங்குல ரெண்டு மூணு வருசம் ராப்பகலா எக்ஸெல் போட்டவீங்க. மீதிப் பேரு கன்சல்டிங் கம்பெனியில பெட்டியைத் தூக்கிட்டு ஊரு ஊராப் போனவீங்க, இல்லீனா சிஏ படிச்சு அடுத்தவன் கணக்கைத் தோண்டினவீங்க. ராத்திரி வூட்டுச் சோறு திங்கோணும்னு ஆசைப்பட்டுத்தான் அவிங்க இங்க வந்து உக்காந்திருக்கறாங்க. நீ நல்லாத் தூங்கி எந்திரிச்சு நேரா அங்க போய் நாற்காலி கேக்கறே. அவிங்களுக்கு வயிறு எரியாதா?

அதனால இன்டர்வியூவுல "எனக்கு பிக் பிக்சர்தான் பிடிக்கும்"னு சொல்லு. சத்தமாச் சொல்லு. அடுத்த ஆளைக் கூப்பிட அவிங்களுக்கும் சௌரியமா இருக்கும்.

இப்பப் படிச்சு வந்த புள்ளைக்குக் கதவே இல்லையான்னா, இருக்குது. டாட்டாவுல டாஸ்னு ஒண்ணு, 1956-ல ஜேஆர்டி காலத்துல ஆரம்பிச்சது. படிச்சு வந்த புள்ளைகளை எடுத்து, பல கம்பெனியில சுத்த விட்டுப் பழக்குவாங்க. ஆனா அதுக்கு முட்டற கூட்டம் சந்தை வாசல்ல முட்டற கூட்டத்தைவிட எச்சு. எல்லாரும் முட்டாத கதவைத் தேடு. கணக்குக் கம்பெனிகள்ல ட்யூ டிலிஜென்ஸ், அதாவது வாங்கறதுக்கு முன்னால கம்பெனியைத் தோண்டிப் பாக்கற டீம் இருக்குது. பெரிய கம்பெனிக்குள்ளயே பட்ஜெட்டும் வரவு செலவும் பாக்கற இடம் இருக்குது. வாங்கின கம்பெனியை நம்ம கம்பெனிக்குள்ள சேக்கற இன்டக்ரேஷன் வேலைன்னு இன்னொண்ணு இருக்குது. அதுக்கு ஒருத்தனும் கை தூக்கமாட்டான். நீ தூக்கு. மாட்டை வாங்கறது ஒரு நாள் கூத்து, ஓட்டிட்டு வந்து நம்ம கட்டுத்தறியில பழக்கறதுதான் வருசக்கணக்கு. ரெண்டு சம்பளக் கணக்கு, ரெண்டு சாஃப்ட்வேர், ரெண்டு சேல்ஸ் ஹெட், அதுல யாரை நிறுத்தறதுங்கற சண்டை. அந்தச் சாணியை அள்ளினவனுக்குத்தான் அடுத்த மாட்டுக்கு என்ன வெலை சொல்லலாம்னு தெரியும்.

உன்ர எக்ஸெல்லை நான் குத்தம் சொல்லலை. மாமன் வாங்கிக் குடுத்த போன்ல நானும் பாக்கத்தான் செய்யறேன். ஒரு கம்பெனி அடுத்த வருசம் 100 கோடி ரொக்கம் கையில நிறுத்தும்னு வெச்சுக்க. 11 சதவீதத்துல கழிச்சு, வளர்ச்சி என்னைக்கும் 4 சதவீதம்னு போட்டா, மதிப்பு 1,429 கோடி வருது. அந்த 4-ஐ அழிச்சு 6-னு போடு. 2,000 கோடி. ஒரே ஒரு கட்டத்துல ஒரு நம்பரை மாத்தினதுக்கு 571 கோடி! எங்க காலத்துல மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவி நிறுத்துவான், அதுக்கே அவனைக் களவாணிம்போம். அப்பறம் அந்த சினர்ஜி. ஜோடி சேந்தா எச்சா உழுகும்னு விக்கறவன் எப்பவும் சொல்றதுதான். ரெண்டு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டை ஒண்ணாக்கினா செலவு குறையும், அதை நம்பலாம். ரெண்டு கம்பெனி சரக்கையும் சேத்துக் காட்டினா வியாபாரம் கூடும்பாங்க பாரு, அதைப் பாதிக்கு மேல நம்பாதே.

பல்லைப் பிடிச்சுப் பாக்கோணும் கண்ணு. வாயைத் தொறந்து, கையை உள்ள உட்டு. ஜப்பான்ல டாயிச்சி சாங்கியோன்னு பெரிய மருந்துக் கம்பெனி. 2008 ஜூன்ல நம்ம ரான்பாக்ஸியை வாங்கறோம்னு அறிவிச்சாங்க, 460 கோடி டாலர் வியாபாரம். செப்டம்பர்ல ரான்பாக்ஸியோட ரெண்டு ஆலை மருந்து உள்ள வரக்கூடாதுன்னு அமெரிக்காக்காரன் தடை போட்டான். வியாபாரம் அப்ப முடியக்கூட இல்லை. 2013-ல ரான்பாக்ஸியோட அமெரிக்கக் கம்பெனி குத்தத்தை ஒத்துக்கிட்டு, அபராதம் அது இதுன்னு 50 கோடி டாலர் கட்ட வேண்டியதாப் போச்சு. 2014-ல சன் ஃபார்மா கைக்கு மாத்திவுட முடிவு பண்ணினாங்க. வித்தவங்க விசயத்தை மறைச்சாங்கன்னு சிங்கப்பூர்ல நடுவர் தீர்ப்பு வந்தது 2016-ல, 2,500 கோடி ரூபாய்க்கு மேல குடுக்கச் சொல்லி. தீர்ப்பு வந்து என்ன பண்றது? லாபக் கணக்கெல்லாம் அழகாத்தான் இருந்திருக்கும். ஆலையில பரிசோதனை ஏடு எப்படி எழுதறாங்கன்னு லாபக் கணக்குல வராதே.

அதுக்காகக் கெட்ட சுழி உள்ள மாடே வாங்கக்கூடாதுன்னு இல்லை. இதுலதான் தரகனோட மூளை நிக்குது. கிராம்ப்டன் கிரீவ்ஸ் ரெண்டாப் பிரிஞ்சுதா, நம்ம கிணத்து பம்பும் ஃபேனும் ஒரு கம்பெனியாப் போச்சு. ட்ரான்ஸ்ஃபார்மரும் ஆலை மோட்டாருமா நின்னதுதான் சிஜி பவர். 2019 ஆகஸ்ட்ல அதோட கணக்குலயே தில்லுமுல்லுன்னு போர்டே சொல்லிப்போட்டுது. கடன் குடுத்த பேங்கெல்லாம் தலையில கையை வெச்சுக்கிச்சு. அடுத்த வருசம் சென்னை முருகப்பா குழுமத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் போய், பங்கு 8 ரூபாய் 56 காசுன்னு, ஏறக்குறைய 700 கோடி போட்டுக் கையில எடுத்துக்கிச்சு. நொண்டின்னு ஊருக்கே தெரியும், அதனால நொண்டிக்கு உண்டான வெலை. கால்லதான் கோளாறு, ஈரல்ல இல்லைன்னு எவனோ ஒருத்தன் குனிஞ்சு பாத்திருக்கறான். ஆலை நல்லா இருக்குது, சரக்குக்குக் கிராக்கி இருக்குது, கெட்டது மேல உக்காந்திருந்தவங்க கணக்கு மட்டுந்தான். அப்பறம் அந்தப் பங்கு எத்தனை மடங்கு போச்சுன்னு நீயே பாத்துக்க. நான் வாங்கலை, என்ர வவுத்தெரிச்சலைக் கிளறாதே.

துண்டு சமாச்சாரமும் ஒண்ணு இருக்குது. சந்தையில துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சுத்தான் வெலை பேசுவோம். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் அதே துண்டுதான், பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி போத்தினது. எந்தக் கம்பெனியைப் பேசறாங்கன்னு தெரிஞ்சவன் பேரையெல்லாம் ஏட்டுல எழுதி வெக்கோணும், அவன் வாயைத் தொறக்கக்கூடாது. கல்யாண வூட்டுப் பந்தியில மச்சானுக்குக் காதுல சொல்லி, அவன் போய்ப் பங்கு வாங்கினா, ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க. உன்ர வாயி எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். வேலை கிடைச்சா முதல் ஆறு மாசம் எந்த விசேசத்துக்கும் வராதே.

சரி, இத்தனை சொல்லிப்போட்டு வேலை குடுக்காம அனுப்பினா அப்பிச்சிக்கு மரியாதையில்லை. உங்க அம்மிச்சி அடுப்பைப் பாரு, பட்டர்ஃபிளை. 2022-ல அந்தக் கம்பெனியில 55 சதவீதத்தை முன்னால சொன்ன ஃபேன் கம்பெனி கிராம்ப்டன் கன்ஸ்யூமர் வாங்கிச்சு, 1,380 கோடிக்கிட்ட. 25 சதவீதம் வந்துட்டாலே மத்த பங்குக்காரங்ககிட்டயும் இன்னொரு 26 சதவீதத்துக்குக் கேட்டாகோணும்ங்கறது சட்டம். அந்த ஆஃபர் லெட்டர் இன்னும் செபி சைட்டுலயே கிடக்குது, காசே வேண்டாம். எதுக்கு வாங்கினாங்க, என்ன வெலை, எல்லாம் அதுல இருக்குது. அடுத்த வருசம் முழுசா ஒண்ணாச் சேக்கறோம்னு போனாங்க, பட்டர்ஃபிளையோட சின்னப் பங்குக்காரங்க ஓட்டுப் போட்டு வேண்டாம்னுட்டாங்க. முக்காவாசிப் பங்கு கையில வெச்சிருந்தவங்களை மீதிக் காவாசிக்காரங்க தடுத்து நிறுத்தினாங்கன்னா, கணக்கு எங்கியோ இடிச்சிருக்குதல்ல?

எங்க இடிச்சுதுன்னு ரெண்டு பக்கத்துல எழுது. ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படி. முன்பக்கமெல்லாம் சேர்மன் சிரிக்கற போட்டோதான், சங்கதி பூரா கடைசி நோட்ஸ்ல கிடக்கும். சொந்தக்காரங்க கம்பெனிக்குப் போன காசு, கோர்ட்டுல நிக்கற வழக்கு, லாபம் வந்தும் ரொக்கம் வராத கதை. அந்த ரெண்டு பக்கத்தை இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போ. ஸ்ட்ராட்டஜி டீமுக்குன்னு இல்லை, எந்தக் கதவு தொறக்குதோ அந்தக் கதவுக்கு.

எழுதினதை ஞாயித்துக்கிழமை எனக்குப் படிச்சுக் காட்டு, கண்ணாடி உடைஞ்சு கிடக்குது. வாங்கலாம்னு எழுதினாலும் சரி, வேண்டாம்னு எழுதினாலும் சரி. எந்த வெலைக்கு மேல போனா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துருவேங்கற நம்பர் மட்டும் அதுல இருக்கோணும். அதை எழுதாம வந்தீன்னா அம்மிச்சி காப்பி குடுப்பா, நான் பேசமாட்டேன்.