வராதவர் கணக்கு

வராத ஆளிடம் காசு வாங்குவது எப்படி என்பதை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்ட் 1913இலேயே எழுதி வைத்துவிட்டார். சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று இளம் வைத்தியர்களுக்குப் புத்தி சொல்லும் கட்டுரை அது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: என்னுடைய நாளில் ஒரு மணித்தியாலத்தை உமக்குக் குத்தகைக்குத் தந்துவிட்டேன், இனி அது உம்முடைய சொத்து, நீர் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைக் காசு எனக்கு வரவேண்டும். நல்ல குடும்பங்களில் சங்கீத ஆசிரியருக்கும் மொழி ஆசிரியருக்கும் இப்படித்தானே கொடுக்கிறார்கள், வைத்தியருக்குக் கொடுக்க மட்டும் ஏன் மனம் உறுத்துகிறது என்று ஒரு நியாயமும் கேட்கிறார்.

வெள்ளவத்தைத் தாய்மாருக்கு இதைப் பிராய்ட் வந்து சொல்லித் தரத் தேவையில்லை. வயலின் ரீச்சருக்கும் பரதநாட்டிய ரீச்சருக்கும் கெமிஸ்ற்றி ரியூசன் மாஸ்ரருக்கும் மாதம் பிறந்தவுடன் காசு போய்விடும். பிள்ளைக்குச் சளி பிடித்து இரண்டு வகுப்புத் தவறினால், அந்தக் காசைத் திருப்பிக் கேட்க எந்தத் தாயும் துணிந்ததில்லை. கேட்டால் கலைவிழாவில் பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும். அதே தாய் நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம் வருகிறார். அவர் வராத நாளுக்கு நான் காசு கேட்டால், "கதைக்காத கதைக்கும் காசோ தம்பி?" என்று கேட்கிறார்.

நான் உளவளத்துணையாளன். கொம்பனித்தெருவில், யூனியன் பிளேசிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து மாலை நேரங்களில் ஆட்களைப் பார்க்கிறேன். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். படியேறுவதை ஒருவர் கண்டால் போதும், இறங்கி வருவதற்குள் செய்தி தெஹிவளையைத் தாண்டிவிடும். கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். கொம்பனித்தெரு என்றால் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டாலும் கியூ வீதி முருகன் கோயிலுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோயிலுக்குப் போகாதவர்கள் மலாய்ச் சாப்பாட்டுக் கடையைச் சொல்வார்கள். கொம்பனித்தெருக்காரர் மட்டும் என்னிடம் வருவதில்லை. அவர்கள் வாசற்படியில் இருந்தே மனதிலுள்ளதையெல்லாம் சத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். பழைய தோட்டக் குடியிருப்புகளை இடித்து அவர்களை மாடிவீடுகளில் குடியேற்றிய பிறகு லிப்டுக்குள் நின்று கதைப்பதாகக் கேள்வி.

ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் இது. சுற்றிவரப் பேர வாவி. ஆட்கள் தப்பிப் போகாமல் இருக்க வாவியில் முதலைகள் இருந்ததாகச் சொல்வார்கள். வரவுப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கக் கம்பனிக்கு முதலை இருந்தது. எனக்கு இருப்பது முதல்நாள் இரவு அனுப்பும் வட்ஸ்அப் நினைவூட்டல் ஒன்றுதான். அதில் நீலச் சரி விழும். ஆள் வரமாட்டார்.

வராததற்குக் கொழும்பில் காரணம் கிடைக்காமல் போகாது. றெயில் கடவை மூடிக் கிடந்தது என்பது நெடுங்காலம் ஓடிய காரணம். 2024இல் மேம்பாலத்தைத் திறந்து அதைக் கெடுத்துவிட்டார்கள். ஆனாலும் மாசியில் கங்காராமையின் நவம் பெரஹெரா இருக்கிறது, ஆடியில் வேல் விழா இருக்கிறது, மாதம் தவறாமல் போயா இருக்கிறது, மழை எப்போதும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் செத்தவீடு. அதை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஆனால் என் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் சந்திப்பிலேயே குடும்பப் படம் ஒன்று கீறிவைப்போம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே குறுக்குக் கோடு. ஒருவர், பெரியம்மா காலமாகிவிட்டார் என்று வராமல் இருந்தார். அனுதாபம் எழுதி அனுப்பிவிட்டு ஃபைலைத் திறந்தால், அந்த வட்டத்துக்குள் நான் ஏற்கெனவே குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன். பெரியம்மா போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிறது. அந்த மரணம் இவருக்கு எவ்வளவு பெரிய பாதிப்பு என்று நானே ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன்.

நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022இல் இந்தக் கணக்கே கிடையாது. பெற்றோல் கியூவில் நிற்பவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்பவன் மனிதனல்ல. மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிறகு எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, இன்றைக்கு என் வாகன இலக்கத்தின் முறை, எண்ணெய் அடிக்கப் போகிறேன் என்று செய்தி வரும். நாடே வராத அந்த வருடத்தில்தான் இங்கிலாந்தில் ரிஷி சுனக், வைத்தியரிடம் நேரம் குறித்துவிட்டு வராதவர்களுக்கு 10 பவுண் அபராதம் போடுவேன் என்று கட்சித் தலைவர் தேர்தலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒக்டோபரில் பிரதமரானவுடன் அந்த யோசனையைக் கைவிட்டார்.

எனக்குத் துணிவு தந்தவர் வீட்டுக்காரர். மலாய்க்காரர், வயதானவர், கீழே குடியிருக்கிறார். மாடியில் விளக்கு எரிகிறது, ஒருவரும் படியேறவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னைக்கும் ஆள் வரல்லயா? காசு?"

"வராதவரிடம் எப்படி வாங்குறது?"

"நீங்க வராத மாசத்துக்கும் நான் வாடகை வாங்குறன்தானே? ரூம் அங்கதானே ஈக்கிது."

பிராய்டின் கட்டுரைக்கு இதைவிடச் சுருக்கமான உரை இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த கிழமை சுவரில் பலகை ஏறியது: 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காமல் வராவிட்டால் முழுக் கட்டணம்.

இப்படிக் கண்டிப்பாக இருந்தால் தற்செயலான தடங்கல்கள் மாயமாக மறைந்துவிடும், நோய்கூட அருமையாகத்தான் வரும் என்று பிராய்ட் எழுதியிருந்தார். அது உண்மை. பலகை தொங்கிய புதிதில் ஒரு பெரியம்மாவும் சாகவில்லை. மழையிலும் வந்தார்கள். பெரஹெரா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நான் கட்டணத்தைக் கூட்டலாமா என்றுகூட யோசிக்கத் தொடங்கினேன்.

பிறகு கண்ணியவான்கள் வந்தார்கள். வங்கியில் நல்ல பதவியிலிருக்கும் ஒருவர். (ஆட்களின் தொழிலையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் வங்கியில் இல்லை.) முன்பு வராத நாட்களில் இரவு பத்துமணிக்கு எடுத்துக் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்பார். அந்த மன்னிப்பில் பாதி சிகிச்சை நடந்துவிடும். பலகை வந்தபின் அவர் கூப்பிடுவதில்லை. நேரம் தவறி ஐந்து நிமிடத்தில் காசு கணக்கில் விழும், ஸ்லிப் வட்ஸ்அப்பில் வரும், கூடவே ஒரு கும்பிடு. கடன் தீர்ந்தது. கலியாணத்துக்குப் போக முடியாவிட்டால் என்வலப்பை ஆள்வசம் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்குத் தலைமுறைப் பழக்கம் உண்டு. நான் போட்ட சட்டம் அவர்களை வரவழைக்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் வராமல் இருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டது.

இதுவும் புதிதல்ல. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களை வைத்து யூரி நீசி, ஆல்டோ ரஸ்திக்கினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2000இல் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 10 ஷெக்கல் அபராதம் என்று சில காப்பகங்களில் அறிவித்தார்கள். பிந்தி வருவோர் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. அதுவரை ரீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற வெட்கத்தில் ஓடி வந்தவர்கள், காசு கொடுத்தவுடன் வெட்கப்படுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அபராதத்தை எடுத்தார்கள். பிந்துவது குறையவில்லை. ஒருமுறை விற்ற வெட்கத்தைத் திரும்ப வாங்க முடிவதில்லை போலிருக்கிறது.

எல்லாரிடமும் வாங்கவும் மனம் வராது. படுக்கையிலிருந்து எழும்ப ஏலாததுதான் சிலருக்கு வருத்தமே. எழும்பி வராததற்கு அவர்களிடம் காசு கேட்பது, காய்ச்சல்காரனிடம் டிகிரிக் கணக்கில் வரி வாங்குவது போல. அவர்களுக்கு நானே போன் எடுப்பேன். காசே கட்ட ஏலாதவர்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, 1974 முதல் சுமித்ரயோ அமைப்பு இருக்கிறது. அங்கே காசும் இல்லை, பலகையும் இல்லை. கடைசியில் என் சட்டம் யார்மேல் பாய்ந்தது என்று பார்த்தால், ஒருநாள் தவறினாலே குற்றவுணர்ச்சியில் குறுகுகிறவர்கள்மேல்தான். குற்றவுணர்ச்சிக்காகத்தான் அவர்கள் என்னிடம் வருவதே.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை பலகையைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: "நீர் வராட்டில் எங்களுக்கு எவ்வளவு?" நியாயமான கேள்வி. கொழும்பில் வைத்தியரைச் சனல் பண்ணியவர்கள் எல்லாரும் மனதுக்குள் கேட்டு விழுங்கிய கேள்வி. காசை முதலே கட்டி, நம்பர் எடுத்து, ஐந்து மணிக்கு வருவார் என்று சொல்லப்பட்டவருக்காக ஏழு மணிவரை சுவரிலுள்ள கொலஸ்ட்ரோல் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் வந்ததும் முகத்தில் நன்றியோடு எழுந்தும் நிற்போம். பாரிசில் ஜாக் லக்கான் என்ற உளப்பகுப்பாய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போனவர். வந்தவரைச் சில நிமிடங்களில் எழுப்பி அனுப்பிவிட்டு முழுக் காசும் வாங்குவாராம். 1963இல் சர்வதேசச் சங்கம் அவரைப் பயிற்சியாளர் பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்த நேரக் கணக்கும் ஒரு காரணமாக இருந்தது. இதற்கு நேர் எதிராக ஃபிரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற அம்மையார் 1950இல் எழுதிய நூலில், செய்யாத வேலைக்குக் காசு வாங்குவதில்லை என்பது ஊர் வழக்கம், அந்த வழக்கத்திலிருந்து மனநல வைத்தியருக்கு மட்டும் என்ன விலக்கு என்று கேட்டுவிட்டார். அவரும் ஆசிரியையும் சந்தித்திருந்தால் நான் கடையைப் பூட்டியிருக்க வேண்டியதுதான். நான் வராவிட்டால் அடுத்த முறை இலவசம் என்று பலகையில் இன்னொரு வரி சேர்த்தேன். ஆசிரியை எழுத்துப்பிழையைத் திருத்தித் தந்தார்.

பிராய்டும் யோசிக்காத ஓட்டை ஒன்று அந்தப் பலகையில் இருந்தது. மணித்தியாலம் உம்முடைய சொத்து என்று எழுதியவர், குத்தகைக்காரர் அதைக் கீழ்க்குத்தகைக்கு விடலாமா என்று எழுதவில்லை. என் வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, வீட்டுக்காரர் கெட்டிக்காரர். என் பலகையில் இல்லை.

மருமகள் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய நேரத்துக்கு மாமியார் வந்து நின்றார். கையில் பை, அதற்குள்ளிருந்து முருங்கைக்காய்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. (ஆளை மாற்றிவிட்டேன். முருங்கைக்காய் உண்மை.)

"அவவுக்கு இண்டைக்கு வரேலாதாம் தம்பி. காசு கட்ட வேண்டிய மணித்தியாலத்தை ஏன் வீணாக்குவான் எண்டு நான் வந்தனான்."

அப்படி ஆள் மாற்றி வரமுடியாது என்று விளக்கினேன். பேரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். பையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"படுக்கிற கதிரை இல்லையோ? படத்திலை எல்லாம் படுக்க வைச்சுத்தானே கேக்கிறவை."

"இல்லை அம்மா, இதிலை இருங்கோ."

இருந்தார். மருமகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன் என்று தொடங்கினார். தேங்காய்ப்பூ பிழிவதிலிருந்து திருமணத்துக்கு முந்திய சாதகப் பொருத்தம் வரை போய், அங்கிருந்து 1983 கலவரத்துக்குப் போய், அங்கே குரல் உடைந்து, கொஞ்ச நேரம் அழுது, முந்தானையால் துடைத்து, மீண்டும் தேங்காய்ப்பூவுக்கு வந்து சேர்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்ததைக் கண்டுவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு" என்றார். அந்த ஐந்து நிமிடத்தையும் விடவில்லை. போகும்போது அடுத்த செவ்வாய்க்கு நேரம் கேட்டார், தன் பெயரில்.

அன்று முதல் மாமியார் ஒரு செவ்வாயும் தவறவிட்டதில்லை. போயா என்றால் முதல்நாளே வந்துவிடுகிறார். மருமகள்தான் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஆனால் மாமியாருடைய காசு மாதம் பிறந்தவுடன் மருமகளின் கணக்கிலிருந்து வந்துவிடுகிறது. ஒருநாள் நானே எடுத்து, நீங்களும் தொடர்ந்து வரலாமே, இடையில் விட்டுவிட்டீர்களே என்றேன்.

"எனக்கு இப்ப நல்ல சுகம்" என்றார். "மாமி செவ்வாயிலை அங்கை வந்து போற ரெண்டு மணித்தியாலமும் வீடு அமைதியாக் கிடக்கு. நான் ரீ ஊத்திக் குடிச்சிட்டுப் படுத்திடுவன். நித்திரையும் வருது."

ரசீதை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டேன்.

"இவற்றை பேரிலை எழுதுங்கோ. ஒஃபிஸிலை மெடிக்கல் கிளெய்ம் பண்ணுவார்."