மாப்பிள்ளைக்கு மஞ்சள் கேக்குதாம்

ஏம் மாப்ளே, ரேடியோ பெட்டிக்கு அலுமினிய மூடி ஓட்டுனியாம். "குரோமேட் போடுங்க, நெறம் தங்கமாட்டம் மின்னணும்"னு பிளேட்டிங் பட்டறையில சொன்னியாம். மூடிக்கென்ன மூணாம் மாசம் முகூர்த்தமா?

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவால கரண்டு தாராளமாப் போனாத்தான் வெளி இரைச்சல் உள்ள நுழையாது. போன தடவ அனோடைசிங் போட்டுக் கொண்டாந்தே. அது கரண்டுக்குக் கதவச் சாத்துற பூச்சுன்னு சொன்னதுக்கு என்ற மேலயே முறைச்சே. செரி உடு.

குரோமேட்டுலயே ரெண்டு சாதி இருக்குது கண்ணு. அமெரிக்க ராணுவத்துக்காரன் மில்-டிடிஎல்-5541னு ஒரு காயிதத்துல எழுதி வெச்சிருக்கான். கிளாஸ் 1ஏ அரிப்பைத் தடுக்க. பூச்சு தடிமன், நெறமும் தூக்கல். கிளாஸ் 3 கரண்டு போறதுக்கு. பூச்சு மெல்லிசு, நெறம் வெளிறுனாப்ல இருக்கும். நீ கேட்ட தங்கம் இருக்கே, அது உன்ற வேலைக்கு ஆகாத பக்கம்.

"மல்டிமீட்டர்ல பீப்புன்னு கத்துச்சுங்க மாமா"ங்கறே. கத்தாம? முள்ளாட்டம் முனைய வெச்சுக் குத்துனா மெத்துன்னு இருக்குற படலம் கிழிஞ்சு அடியில இருக்குற அலுமினியந்தான் பேசும். தட்டையான முனைய சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தத்துல வெச்சுப் பாக்கோணும். புதுப் பூச்சுக்கு, சதுர அங்குலத்துக்கு 5,000 மைக்ரோ ஓமுக்கு மேல போகக்கூடாது. 168 மணி நேரம் உப்புத் தண்ணிப் புகையில கெடந்த பொறவு 10,000 வரைக்கும் உடலாம்.

சீக்கிரம் காயட்டும்னு ஓவன்ல வேற தள்ளுனியாமே! அந்தப் பழைய ஹெக்ஸா குரோமியப் பூச்சு 60 டிகிரியத் தாண்டுனா ஈரம் வத்தி வெடிச்சுப்போகும். அப்பறம் உப்புக்காத்துக்கு எங்க தாங்கும்?

அந்த ஹெக்ஸா, அதான் அதே காயிதத்துல டைப் 1ங்கறது, புத்துநோய் கொண்டார்ற சாமான். குரோமேட் ஆலைக் கழிவு ராணிப்பேட்டைப் பக்கம் நெலத்தடித் தண்ணிய என்ன பாடு படுத்துச்சுன்னு போய்ப் பாரு. ஐரோப்பாவுக்கு எலக்ட்ரானிக் சாமான் போவோணும்னா பூச்சுல அது 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. டைப் 2ல ஹெக்ஸாவே கெடையாது. ஆனா நெறமும் கண்ணுக்கே தெரியாத அளவுதான். "பூசவே இல்லை"ன்னு பார்ட்டி சண்டைக்கு வருவான். டெஸ்ட் ரிப்போர்ட்டக் கையில வெச்சுக்க.

ட்ராயிங்குல "குரோமேட்"னு மொட்டையா எழுதாதே. "மில்-டிடிஎல்-5541, டைப் 2, கிளாஸ் 3"ன்னு எழுதி, நாளைக்குக் காலையில பட்டறைக்கு அனுப்பு.