பத்துக்குப் பத்தில் பன்னிரண்டு இஞ்ச்

பாண்டியன் நகரோ, வேலம்பாளையமோ, திருப்பூரில் லைன் வீட்டு வரிசைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அவரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

பெரும்பாலும் நிட்டிங் மெக்கானிக் அல்லது கட்டிங் மாஸ்டர். பழைய ஆம்னியை விற்றபோது ஆர்.சி. புத்தகம், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் கொடுத்தவர், பின்னால் கிடந்த பன்னிரண்டு இஞ்ச் வூஃபரையும் அதன் ஆம்ப்ளிஃபயரையும் மட்டும் இறக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அது பத்துக்குப் பத்து அறையில், பீரோவுக்கு அடுத்த அந்தஸ்தில் குடியிருக்கிறது.

கார் ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் டி.சி. வேண்டும். எக்ஸ்போர்ட் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை கிடைத்தது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் கம்ப்யூட்டர் இல்லாமலே அது ஓடும். 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். ஆம்ப்ளிஃபயர் மேல் அச்சடித்திருப்பதோ 1200 வாட்! 192 உள்ளே போய் 1200 வெளியே வருவது எப்படி என்று கேட்டால், "அது பீக்குங்க" என்பார். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேட்டால் டீ சாப்பிடக் கூப்பிடுவார்.

கார் சாமானை வீட்டில் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார். கார் ஸ்டீரியோக்களில் இருந்த சான்யோவின் எல்.ஏ.4440 ஐ.சி., பிரிட்ஜ் போட்டாலும் 19 வாட்டுதான். அதை வைத்து வீட்டுக்கு வீடு செட் அசெம்பிள் செய்யவில்லையா?

வூஃபர் பெட்டி விஷயத்தில்தான் ஊர்ப் பாசம் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் பாலியெஸ்டர் பஞ்சு வைப்பார்கள். இவர் பனியன் கட்டிங் வேஸ்ட் வைக்கிறார். சிங்கிள் ஜெர்சியா, ஃப்ளீஸா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆராய்ச்சி நடந்து ஃப்ளீஸ் ஜெயித்தது. பிரித்து, உதறி, லேசாக நிரப்பினால் சின்னப் பெட்டி பெரிய பெட்டி மாதிரி நடந்துகொள்ளும். அமுக்கித் திணித்தால் உள்ள இடமும் போச்சு. மிச்சப் பிட்டுகளை அலமாரி எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே செருகி, அவற்றின் வாயையும் அடைத்துவிட்டார்.

அப்படியும் ஆம்னியில் இருந்த அடி இங்கே இல்லை. அது வூஃபரின் குற்றமல்ல. மூடிய காரின் சின்ன இடமே தாழ்ந்த சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். வீட்டில் அந்த உபகாரம் கிடையாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 28 அடி. பத்தடி அறையில் அது சுவரோரம் மொத்தும், நடுவில் மெலியும். இவர் நாற்காலி போட்டிருப்பதோ நட்டநடுவில்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர ஒன்பது மணி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்குகிறது; அப்போது குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் அனுமதி. ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கொரு தடவை எஸ்.எம்.பி.எஸ். தாங்காமல் நின்றுவிடுவதால் அதிலும் கொஞ்சம் பிடித்தம்.

பாடகரின் குரலைச் சுவர் தடுத்துவிடும், பேஸைத் தடுக்காது. ஒருநாள் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏந்தம்பி, எங்க சமையக்கட்டுல டம்ளரெல்லாம் ஆடுது. என்ன பாட்டுன்னுதான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

"சொல்லீட்டீங்கல்லங்க்கா, நாளைக்கே ரெண்டு ட்வீட்டர் சேத்தி மாட்டிப்போடறேனுங்க."