எழுதாததைப் படிப்பது எப்படி?

கேள்வி: கதையில் வெளிப்படையாகச் சொல்லாததையும் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். எழுதாததை எப்படிப் படிப்பது?
– ஒரு மாணவி, பழவேற்காடு

பதில்: உங்கள் ஊரில் எழுத்தே இல்லாமலும் படிக்கலாமே! டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. ‘எல்லோருக்கும் முடிவு இதுதான்’ என்று அவை வாய் திறந்தா சொல்கின்றன? இடம் கல்லறை என்று தெரிந்ததும் மிச்சத்தை மனம் சேர்த்துக்கொள்கிறது.

ஏரிக்கரைக்கு வாருங்கள். ‘இன்னைக்கு எங்க பாடு இல்ல’ என்கிறார் ஒரு மீனவர். ஏரியில் மீனே இல்லை என்று வெளியூர்க்காரர் நினைப்பார். பாடு முறைப்படி மாறி மாறித்தான் வலை போடுவார்கள், இன்று முறை வேறொருவருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆக, எழுதியிருப்பது பாதி. வாசகர் கொண்டுவரும் அறிவு மறுபாதி. பழந்தமிழ் இலக்கியத்திலும் இப்படித்தான்: கடலையும் பறவையையும் பற்றிப் பேசி, தலைவியின் மனத்தை உணர்த்துவது நெய்தல் பாட்டு. அந்த உத்திக்கு ‘உள்ளுறை’, ‘இறைச்சி’ என்று இலக்கணமே வகுத்திருக்கிறது தொல்காப்பியம்.

ஒரே நிபந்தனை: உங்கள் ஊகத்துக்குச் சான்று கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். வலையே போடாமல் மீன் பிடித்தேன் என்றால் பழவேற்காட்டில் யார் நம்புவார்?