கழுதைக்கு வெள்ளிக்கிழமை லீவு

மான்செஸ்டர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? வெள்ளைக்காரன் ஊர்க் கடற்கரை எப்படி இருக்கும் என்று போனில் கேட்டீர்களே, பள்ளிக்கூட லீவில் பிளாக்பூல் போய் வந்தோம். வேளாங்கண்ணியில் லாட்ஜ் நடத்துகிற உங்களுக்குத்தான் இந்தக் கதை சரியாகப் புரியும்.

ஊர் பேர்போன ஊர். ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து 1894இல் கட்டிய 158 மீட்டர் டவர் கடலைப் பார்த்து நிற்கிறது. அந்தக் காலத்தில் லங்காஷயர் பஞ்சாலைகள் வருடத்துக்கு ஒரு வாரம் மூடும்போது ஊரே ரயிலேறி இங்கேதான் வருமாம். அப்போது வாங்கிய மெத்தைதான் எங்கள் ரூமில் கிடந்தது என்பது உங்கள் மருமகளின் கட்சி.

வாடகைக்கு எடுத்த வீட்டில் எது கெட்டாலும் ரிப்பேர் கிடையாது, நோட்டீஸ்தான். ஜன்னலில் ‘திறக்க முயல வேண்டாம், நன்றி’. நாற்காலியில் ‘தயவுசெய்து இடதுபுறம் சாய வேண்டாம்’. குளியலறை விளக்குக் கயிற்றில் ‘அன்போடு இழுக்கவும்’. எல்லாம் லேமினேட் செய்தவை. அந்த வீட்டில் ஈரம் ஏறாத பொருள் அவை மட்டுமே. படுக்கையறை மூலையில் வால்பேப்பர் உப்பிக்கொண்டு நின்றது. சின்னவன் நகத்தால் லேசாக நெம்பினான். ரோஜாப்பூவுக்குக் கீழே பழுப்புக் கோடு, அதற்குக் கீழே நீலக் கப்பல், அதற்கும் கீழே கறுப்பாகப் பூஞ்சை. நாலு தலைமுறை ஓனர்களைப் பார்த்தாயிற்று.

‘கடல் தெரியும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, தெரிந்தது. குளியல் தொட்டி விளிம்பில் ஏறிக் கூரைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் இந்தக் கடல் வடிந்தால் வெகுதூரம் போய்விடுகிறது. ஏறிய நேரம் சரியில்லை என்றால் சேறுதான் தரிசனம்.

வெந்நீர் வரவில்லை என்று ஓனருக்கு போன் செய்தோம். ‘சொன்னதற்கு மிக்க நன்றி’ என்றவர் சாயங்காலம் கையில் டூல்ஸ் பெட்டியோடு நேரிலேயே வந்துவிட்டார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியைத் திறந்தார். உள்ளே கத்தரிக்கோல், செலோடேப், ஒரு புது நோட்டீஸ்.

வெளியே வந்தால் மனசு ஆறிவிடும். 1879இல் எட்டே எட்டு மின்விளக்கில் தொடங்கிய அலங்காரம், இப்போது இலையுதிர் காலத்தில் கடற்கரை நெடுக சுமார் பத்துக் கிலோமீட்டருக்கு ஜொலிக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எங்கள் மாடிப்படி பல்பு ஃப்யூஸ்.

மணலில் பிள்ளைகளை ஏற்றிப்போகக் கழுதைகள் உண்டு. அவற்றுக்கு நகராட்சி சட்டமே போட்டிருக்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, வெள்ளிக்கிழமை முழு லீவு. எங்கள் சமையலறை அடுப்பு கூட அத்தனை ஒழுங்காக வேலை செய்யவில்லை. அது நினைத்த நாளில் லீவு எடுத்தது. கடுகு தாளிக்கப் பற்றாத சூடுதான், ஆனால் புகை அலாரம் மட்டும் அதற்கும் அலறியது. அந்த வீட்டில் பழுதில்லாமல் ஓடிய ஒரே சாதனம் அது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறோம். அந்தச் சமயத்தில் லாட்ஜ் நிரம்பி வழியும், எங்களுக்கு மாடிக் கடைசி ரூம்தான் கிடைக்கும் என்று தெரியும். அதற்குள் அந்த ரூம் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள். தயவுசெய்து நோட்டீஸ் ஒட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்